ஆய்வேடும் பணமும்: றோசன்வால்ட் புலமைப்பரிசிலும் கிளார்க் தம்பதியரின் ஆய்வும்

ஆய்வேடுகளின் முகவுரையில் வரும் நன்றியுரையை நாம் பொதுவாக விரைந்து கடந்துவிடுகிறோம். வழிகாட்டிய பேராசிரியர், உதவிய நூலகர், தட்டச்சுச் செய்தவர் ஆகியோருக்கிடையே நிதி வழங்கிய நிறுவனத்தின் பெயரும் ஒரு வரியில் அங்கு காணப்படும். அறிவின் வரலாற்றைக் கருத்துக்களின் வரலாறாக மட்டும் எழுதுவோர் அவ்வரியைப் பொருட்படுத்துவதில்லை. ஆயின் ஆய்வாளரும் உண்ண வேண்டும், வாடகை கொடுக்க வேண்டும், களத்திற்குச் செல்ல வேண்டும். உளவியல், கல்வியியல் ஆகிய துறைகளிற் பட்ட ஆய்வுக்கான பணம் எங்கிருந்து வந்தது, அது எவ்வகை வினாக்களுக்கு இடமளித்தது என்பவற்றை ஐக்கிய அமெரிக்க வரலாற்றின் ஓர் உதாரணம் கொண்டு இங்கு நோக்குவாம்.

அஞ்சல்வழி வணிகத்தால் பெருஞ்செல்வம் திரட்டிய சியர்ஸ் றோபக் நிறுவனத்தின் தலைவர் ஜூலியஸ் றோசன்வால்ட் 1917 இல் தம் பெயரில் ஒரு நிதியத்தை நிறுவினார். கறுப்பின மக்களின் கல்விக்கு அவர் ஆற்றிய உதவி பெரிதும் போற்றப்படுவது. அதே றோசன்வால்ட், தமது நிறுவனத்தின் பெண் தொழிலாளருக்கு வழங்கப்பட்ட குறைந்த ஊதியம் குறித்து 1913 இல் இலினோய் மாநில செனற் குழுவொன்றின் முன் வினவப்பட்டார் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. ஒரு கையால் ஈட்டப்பட்ட உபரியின் ஒரு பகுதியே மறு கையால் கொடையாக வழங்கப்பட்டது.

தென் மாநிலங்களில் 1932 வரை கட்டப்பட்ட ஏறத்தாழ 5000 றோசன்வால்ட் பாடசாலைகளின் கணக்கு இன்னோர் உண்மையைப் புலப்படுத்துகிறது. அவற்றுக்கான செலவில் றோசன்வால்டின் பங்கு சுமார் 43 இலட்சம் டொலர். கறுப்பின மக்கள் தாமே வழங்கியது சுமார் 47 இலட்சம் டொலர். எஞ்சியதிற் பெரும்பகுதி பொது வரிப்பணம். பருத்தி வயல்களில் உழைத்த மக்கள் வள்ளலைவிட அதிகம் கொடுத்தனர்; பாடசாலைகளோ வள்ளலின் பெயரைப் பெற்றன.

1928 முதல் இந்நிதியம் தனியாட்களுக்கும் புலமைப்பரிசில் வழங்கத் தொடங்கியது. கறுப்பின எழுத்தாளர், கலைஞர், ஆய்வாளர் பலர் அதனாற் பயன்பெற்றனர். கவிஞர் லாங்ஸ்ரன் ஹியூஸ் அவருள் ஒருவர். ஆயினும் கொடுத்த கை கட்டுப்படுத்தவும் தவறவில்லை. மானிடவியலில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்வதற்கென 1934 இல் சோரா நீல் ஹேர்ஸ்ரனுக்கு உதவியளிக்க முன்வந்த நிதியம், அவரது படிப்புத் திட்டம் திருப்தி தரவில்லையெனக் கூறி அவ்வுதவியைச் சுருக்கிக்கொண்டது.

இப்பின்னணியிலேயே மேமி பிப்ஸ் கிளார்க்கின் ஆய்வை நோக்க வேண்டும். ஆர்கன்சோ மாநிலத்தில் 1917 இற் பிறந்த இவர், வாஷிங்டனிலுள்ள கறுப்பினத்தவருக்கான ஹோவார்ட் பல்கலைக்கழகத்தில் 1939 இல் முதுமாணிப் பட்டம் பெற்றார். கறுப்பினப் பாலர் தம்மைப் பற்றிய உணர்வை எவ்வாறு பெறுகின்றனர் என்பதே அவரது ஆய்வுப் பொருள். அவ்வாய்வை அவரும் கணவர் கெனத் கிளார்க்கும் விரிவுபடுத்துவதற்கு 1940 இல் றோசன்வால்ட் புலமைப்பரிசில் கிடைத்தது. பின்னர் அது புதுப்பிக்கப்பட்டது. அதன் துணையுடனேயே மேமி கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டத்திற்குப் பயின்றார்.

நிறத்தாலன்றி வேறெவ்வகையாலும் வேறுபடாத நான்கு பொம்மைகளை 3 முதல் 7 வயது வரையான 253 கறுப்பினக் குழந்தைகளிடம் காட்டி அவர்கள் வினாக்கள் தொடுத்தனர். அக்குழந்தைகளுள் 134 பேர் ஆர்கன்சோவின் பிரித்தொதுக்கப்பட்ட பாடசாலைகளிலும், 119 பேர் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் கலப்புப் பாடசாலைகளிலும் பயின்றவர்கள். மூவரில் இருவர் விளையாடுவதற்கு வெள்ளைப் பொம்மையையே விரும்பினர். முடிவுகள் 1947 இல் வெளியாயின.

இவ்விடத்து ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். கொலம்பியாவில் மேமியின் மேற்பார்வையாளர் ஹென்றி கரற். இவர் 1946 இல் அமெரிக்க உளவியற் சங்கத்தின் தலைவர். கறுப்பினத்தவர் பிறப்பிலேயே அறிவுத்திறன் குறைந்தோர் என்ற கருத்தினர். மேமி 1943 இற் பட்டம் பெற்ற ஆய்வேட்டின் பொருள் வயதும் அடிப்படை உளத்திறன்களும் பற்றியது, இனம் பற்றியதன்று. பொம்மை ஆய்வு ஆய்வேட்டுக்குப் புறம்பாக, வெளிப் பணத்தால் நிகழ்ந்தது. துறையின் அதிகாரம் ஒருவர் கையிலும் பணம் வேறொருவர் கையிலும் இருந்த இடைவெளியிலேயே அவ்வினா உயிர்பிழைத்தது எனலாம்.

1952 இல் வேர்ஜினியாவில் நிகழ்ந்த பாடசாலை வழக்கில் கரற் பிரித்தொதுக்கலுக்கு ஆதரவாகச் சாட்சியமளித்தார். அவரை மறுத்துச் சாட்சியமளித்தவர்களுள் அவரது மாணவி மேமியும் ஒருவர். 1954 இல் உச்ச நீதிமன்றம் பாடசாலைப் பிரித்தொதுக்கலைச் சட்டவிரோதமெனத் தீர்த்தபோது, தீர்ப்பின் 11 ஆம் அடிக்குறிப்பு கெனத் கிளார்க்கின் ஆய்வுரையைச் சுட்டியது. மறுபுறத்தில், நெசவாலைச் செல்வத்தின் வாரிசான விக்லிப் டிரேப்பர் 1937 இல் நிறுவிய பயனியர் நிதியம் இன ஏற்றத்தாழ்வை நிறுவ முயன்ற ஆய்வுகளுக்குப் பணம் வழங்கி வந்தது. கரற் 1970களின் தொடக்கத்தில் அதன் இயக்குநர்களுள் ஒருவரானார். ஒரே வர்க்கத்தின் செல்வம் எதிரெதிரான இரு ஆய்வு மரபுகளைப் போஷித்தது. எனவே, பணம் தந்தவன் எவனோ அவன் வர்க்கமே முடிவையும் எழுதுகிறது என்னும் பொறிமுறை விளக்கம் இங்குப் போதாது.

ஆயினும் வரம்புகள் இருந்தன. நீதிமன்றம் குழந்தையின் உள்ளத்தில் ஏற்பட்ட காயத்தை ஏற்றது. அக்காயத்தை விளைவித்த நில உடைமையும் கூலியும் குடியிருப்பும் அதன் முன் வினாவாகவில்லை. கெனத் கிளார்க் 1965 இல் வெளியிட்ட ‘டார்க் கெற்றோ’ என்னும் நூலில் ஹார்லெமைக் குடியேற்ற நாட்டுக்கு ஒப்பிட்டு, அதிகாரமின்மையை ஆராயும் நிலைக்கு வந்தார். மேமிக்கோ பட்டம் பெற்ற பின்னும் தகுந்த பதவி கிடைத்தல் அரிதாயிற்று. 1946 இல் தந்தையிடம் பெற்ற 946 டொலர் கடனைக் கொண்டே தம்பதியர் ஹார்லெமிற் சிறுவர் உளநல நிலையத்தைத் தொடங்கினர்.

றோசன்வால்ட் நிதியம் 1948 இல் மூடப்பட்டது. அரசும் முன்வந்தது: 1946 இன் தேசிய உளநலச் சட்டம், 1954 இன் கூட்டுறவு ஆய்வுச் சட்டம், ஸ்புட்னிக் விண்ணேறியதன் மறு ஆண்டில், 1958 இல், வந்த தேசிய பாதுகாப்புக் கல்விச் சட்டம் என்பன ஆய்வுக்கும் பயிற்சிக்கும் பணம் தந்தன. இறுதியாகக் கூறியதன் பெயரிலேயே அதன் நோக்கம் உண்டு. அரசைக் கவிழ்க்க முனையும் அமைப்பெதிலும் தமக்கு நம்பிக்கையில்லை என உதவி பெறுவோர் சத்தியக் கடதாசி வழங்க வேண்டுமென அது விதித்தது. பல்கலைக்கழகங்களின் எதிர்ப்பால் அவ்விதி 1962 இல் நீக்கப்பட்டது. சோதனைத் தாள்களை வெளியிட்டுப் பொருளீட்டிய லைல் ஸ்பென்சர் 1962 இல் நிறுவிய மன்றம், கல்வி பற்றிய ஆய்வேடுகளுக்குப் புலமைப்பரிசில் வழங்குகிறது. வகுப்பறையிலிருந்து சென்ற பணத்தில் ஒரு பகுதி வகுப்பறையை ஆராய்வதற்கு மீள்கிறது.

பணத்தை மறுத்துப் பட்டினி கிடத்தலை எந்த ஆய்வு மாணவருக்கும் நாம் பரிந்துரைக்கவில்லை. கிளார்க் தம்பதியர் வணிகச் செல்வத்தைப் பெற்றனர். தம் மக்களின் வினாவையே கேட்டனர். ஆனால் அத்தகைய இடைவெளி எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. ஹேர்ஸ்ரனுக்கு அது வாய்க்கவில்லை. கொடையாளரின் மனப்பாங்கைப் பொறுத்து ஒரு வினா பிழைப்பதும் மடிவதும் ஒரு சமூகத்தின் அறிவுக்கு உறுதியான அடித்தளமாகாது. பொதுப்பணம், அதனைப் பங்கிடுவதில் ஆய்வாளரினதும் மக்களினதும் சனநாயகக் கட்டுப்பாடு, சத்தியக் கடதாசி கேட்காத அரசு ஆகிய மூன்றும் சேர்ந்தே அதனைத் தர முடியும். பாடசாலைகளுக்கு 47 இலட்சம் டொலர் வழங்கிய பருத்தி வயல் மக்களின் பெயர்கள் நன்றியுரைகளில் இடம்பெறவில்லை. ஆய்வின் வரலாற்றை எழுதுவோர் அவற்றை அங்கு சேர்த்தே வாசிக்க வேண்டும்.