காடு தந்த அகிலும் தோட்டம் தரும் அகிலும்

சந்தனமும் அகிலும் தமிழிலக்கியத்தில் இணைந்தே மணப்பவை. மகளிர்தம் கூந்தலுக்கு மணமூட்டியதும், மாளிகைகளில் புகையாய்த் தவழ்ந்ததும் அகிலே. அது தமிழகத்திற்குக் கடல்வழியாகவும் வந்தது என்பதற்குச் சிலப்பதிகார உரையே சான்று. ஊர்காண் காதைக்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார், அருமணவன், தக்கோலி, கிடாரவன் எனப் பல அகில் வகைகளைப் பெயர் சுட்டி உரைக்கின்றார். கிடாரவன் என்பது கடாரத்து அகில். சோழர் கல்வெட்டுகள் போற்றும் அக்கடாரமே இன்றைய மலேசியாவின் கெடா மாநிலம். எனவே, இந்நாட்டின் காட்டு மரமொன்று தமிழ் நூலுரையில் ஊர்ப்பெயரோடு இடம்பெற்றுள்ளது எனலாம்.

மலாய்மொழி இம்மரத்தைக் காராஸ் என்றும், அதனுள் விளையும் நறும்பொருளைக் காஹாரு என்றும் வேறுபடுத்திக் கூறும். இவ்வேறுபாடு பொருள் பொதிந்தது. காராஸ் மரத்தின் கட்டை வெளிறியது, எடை குறைந்தது, மணமற்றது. கிளை முறிந்தோ, வண்டு துளைத்தோ காயம் ஏற்பட்டு, அதன்வழியே பூஞ்சை புகும்போது, மரம் தன்னைக் காத்துக்கொள்ளப் பிசின் சுரக்கின்றது. ஆண்டுகள் பல செல்ல, அப்பிசின் ஊறிய பகுதி கறுத்துக் கனத்து அகிலாகின்றது. நீரில் மூழ்குமளவு கனத்ததே உயர்ந்ததென்பதால், சீனர் அதனை ‘மூழ்கும் நறுமணம்’ என்றனர்.

இப்பொருளை நாடி வந்த நாடுகள் பல. ஒன்பதாம் நூற்றாண்டு அரபு நூல்கள் கம்போடிய, சம்பா நாடுகளின் அகிலைப் புகழ்கின்றன. 1225ஆம் ஆண்டளவில் சீன அதிகாரி சாவ் ரூகுவா எழுதிய நூல், எந்நாட்டு அகில் முதல்தரம், எது இரண்டாந்தரம் எனத் தரம் பிரித்துக் காட்டுகின்றது.

எனினும் வணிகர் அறிந்த தரம் வேறு. காட்டில் உழைத்தோர் அறிந்த துன்பம் வேறு. எல்லா மரங்களிலும் அகில் விளைவதில்லை. எம்மரத்தினுள் அது உள்ளதென்பதை வெளியிலிருந்து எளிதில் அறியவும் இயலாது. பட்டையின் தோற்றம், முறிந்த கிளை, எறும்புகளின் நடமாட்டம் ஆகியவற்றைக் கொண்டு அறிவது ஓராங் அஸ்லி மக்களின் தலைமுறை அறிவு. அவ்வறிவு இல்லாதார் கோடரியோடு புகுந்தபோது, கண்ட மரமெல்லாம் வீழ்ந்தது. 1970களுக்குப்பின் வளைகுடா நாடுகளில் செல்வம் பெருகியதும், அகில் எண்ணெய்க்கும் கட்டைக்கும் விலை ஏறியதும் இவ்வழிவை விரைவுபடுத்தின.

உலகம் விழித்தது தாமதமாகவே. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குசெய்யும் பன்னாட்டு உடன்படிக்கை, 1994இல் மலாக்கா அகில் மரத்தைத் தன் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. 2004இல் அப்பேரினத்தின் அனைத்து மரங்களும் சேர்க்கப்பட்டன. 2018இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், மலாக்கா அகில் மரத்தை மிகக் கடுமையான அழிவாபத்தில் உள்ளதென மதிப்பிட்டது.

சட்டம் கோடரியைத் தடுக்கலாம், மரத்தை வளர்க்காது. வளர்க்கும் கலையோ புதியதன்று. தென்சீனத்துத் தொங்குவான் பகுதியில் மிங் பேரரசின் காலத்திலேயே அகில் மரம் பயிரிடப்பட்டது. ஹாங்காங் என்னும் ‘மணத்துறை’ப் பெயர் அவ்வணிகத்தால் வந்ததென்பர். 1660களில் கரையோர மக்களைச் சிங் அரசு உள்நாட்டிற்குப் பெயர்த்தபோது அத்தொழில் நலிந்தது. அசாமிலோ, வீட்டுத் தோட்டங்களில் பாக்கு மரங்களோடு அகில் மரத்தையும் வளர்க்கின்றனர். தண்டு துளைக்கும் புழுவே அங்குக் காயம் செய்யும் பணியாளன்.

புழுவுக்காகக் காத்திராமல், மனிதனே மரத்தைத் துளையிட்டு அகில் விளைவிக்கும் முறையை, மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் இராபர்ட் பிளான்செட் குழுவினர் வியட்நாமில் ஆய்ந்து உருவாக்கினர். மலேசியாவிலும் காராஸ் தோட்டங்கள் தோன்றின. துளையில் பூஞ்சையையோ ஊக்கிகளையோ செலுத்தி, பிசின் ஊறியபின் மரத்தை வெட்டி, கறுத்த பகுதியைச் செதுக்கிப் பொடியாக்கி, நீரில் ஊறவைத்து, பல நாள் காய்ச்சி வடிப்பர். மூட்டை மூட்டையாய் இட்ட கட்டைக்குக் கிடைப்பதோ சிறிதளவு எண்ணெயே.

இங்கு ஓர் உண்மையை மறத்தலாகாது. இரப்பர் மரமும் காயத்தால் பயன் தருவதே. ஆனால் அது வெட்டப்படாமலே ஆண்டுக்கணக்கில் பால் தரும். அகில் மரமோ பெரும்பாலும் வீழ்ந்தே எண்ணெய் தரும். ஆகவே ஒன்றை வீழ்த்துமுன் மற்றொன்றை நடுவதே இத்தொழிலின் நிலைபேறு. நடுதற்கு விதை வேண்டும். அகில் விதை நெடுநாள் சேமிக்க இயலாதது. விரைவில் முளைப்புத்திறன் இழப்பது. எனவே விதை தரும் தாய்மரங்கள் உயிரோடு நிற்றல் வேண்டும். பல்வகைப்பட்ட தாய்மரங்களைக் கொண்டிருப்பது காடு ஒன்றே. முதிர்ந்த காட்டகிலுக்கு இன்றும் உயர்ந்த விலை இருப்பதால், அத்தாய்மரங்களுக்கும் ஆபத்து நீங்கிற்றில்லை.

தோட்டம் காட்டிற்கு மாற்றன்று. காட்டின் சுமையைக் குறைக்க வந்த துணையே ஆகும். காட்டை அழித்துவிட்டுத் தோட்டத்தை நம்புவது, வேரை வெட்டிவிட்டுக் கிளைக்கு நீர் ஊற்றுவது போன்றதாம். கிடாரவன் என்னும் சொல்லை உரையாசிரியர் காத்துத் தந்தார். அச்சொல் சுட்டும் மரத்தைக் காத்துத் தருவது இத்தலைமுறையின் கடனாகும்.