ஒளித்துவைத்த பலம் ஊர் சுற்றிய கதை

திரையில் ஒருவன் அடிவாங்குகிறான். திருப்பி அடிக்காமல் தலைகுனிந்து நிற்கிறான். கொட்டகையில் யாருக்கும் அவன்மேல் இரக்கம் வருவதில்லை, அடிக்கிறவன்மேல்தான் வருகிறது. "பாவம், யார்மேல கைய வச்சிருக்கோம்னு அவனுக்குத் தெரியல" என்று பக்கத்து இருக்கைக்காரர் சிரிக்கிறார். பலத்தை மறைத்துவைத்திருக்கும் நாயகன் நமக்கு அவ்வளவு பழக்கம். ஆனால் அவன் நேர்வழியில் இங்கே வந்து சேரவில்லை. கிரேக்கத் தீவு, பாக்தாத் தெரு, பாரிஸ் பத்திரிகை, கலிஃபோர்னியா, டோக்கியோ என்று உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறான். வழிநெடுக அவனைக் கைமாற்றிவிட்டவர்கள் பலரும் வியாபாரத்தில் கெட்டிக்காரர்கள். பலத்தைவிட, அது வெளிப்படுவதற்கு ஆகும் தாமதத்துக்கே விலை அதிகம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

முதலில் ஹோமர். சுமார் 2,700 ஆண்டுகளுக்கு முன் உருப்பெற்ற ஒடிசியில், 20 ஆண்டு கழித்து இத்தாக்கா தீவுக்குத் திரும்புகிறான் ஒடிசியஸ். அவன் வீட்டிலேயே உட்கார்ந்து, அவன் ஆடுமாடுகளை அறுத்துத் தின்றுகொண்டு, அவன் மனைவியை மணக்கக் காத்திருக்கிறது ஒரு கூட்டம். ஒடிசியஸ் பிச்சைக்காரனாக உள்ளே போகிறான். ஒருவன் முக்காலியைத் தூக்கி அவன்மேல் எறிகிறான். எஜமானை அடையாளம் கண்டுகொள்வது கிழட்டு நாய் ஆர்கோஸ். அடுத்து, கால் கழுவிவிடும் செவிலித்தாய் பழைய தழும்பை வைத்துக் கண்டுபிடிக்கிறாள். கடைசியில்தான் யாராலும் நாணேற்ற முடியாத வில் அவன் கைக்கு வருகிறது. ரகசியத்தை ஒரே மூச்சில் உடைக்காமல் ஆளுக்குக் கொஞ்சமாக அவிழ்த்துவிடும் வித்தை அங்கேயே முழுமையாகத் தயாராகிவிட்டது.

அதே வித்தையை மகாபாரதம் கூட்டுக் குடும்பத்துக்கே விரித்தது. விராட பருவத்தில் பாண்டவர் ஐவரும் திரௌபதியும் ஓராண்டு தலைமறைவாக வாழ வேண்டும்; அடையாளம் தெரிந்தால் மறுபடி வனவாசம். தர்மன் அரசவையில் சூதாட்டத் துணைவன், பீமன் மடைப்பள்ளியில் சமையற்காரன், அர்ச்சுனன் அந்தப்புரத்தில் நடனம் கற்பிக்கும் பிருகன்னளை. ஆயுதங்களை வன்னிமரத்தில் மறைத்து, ஒருவரும் கிட்டே வராதபடி ஒரு பிணத்தையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். கதைக்காரர் முன்கூட்டியே வனபர்வத்தில் ஓர் ஒத்திகையும் வைத்திருந்தார்: உருமாறிப்போன நளனை அவன் சமைத்த உணவின் ருசியை வைத்தே தமயந்தி அடையாளம் காணும் கதை, தர்மனுக்கு ஆறுதலாகச் சொல்லப்பட்டது. தர்மன் எங்கே ஒளிந்திருந்தாலும் அந்த நாட்டில் மழை தவறாது என்று பீஷ்மர் சொல்கிறார். மழை பொய்த்தால் விராட பருவம் படிக்கும் வழக்கம் தமிழ் ஊர்களில் உண்டு. பலத்தை மறைத்தவன் கதை வானத்தையே இளக வைக்கும் என்று நம்பியவர்கள் நம்மவர்கள்.

இதுவரை ஒளிந்திருந்தவர்கள் எல்லாம் அரசர்கள். சீனத்தில் தாங் வம்சக் காலத்தின் பிற்பகுதியில், 9ஆம் நூற்றாண்டில், பெய் ஷிங் என்ற எழுத்தாளர் வேலைக்காரனையே நாயகனாக்கினார். தெற்குக் கடல் நாடுகளிலிருந்து வந்த அடிமைகளைச் சீனர்கள் குன்லுன் என்று அழைத்தார்கள். அப்படிப்பட்ட மோ லே என்ற அடிமை, காதலில் தவிக்கும் தன் இளம் எஜமானுக்காக, அவனையும் அவன் காதலியையும் முதுகில் சுமந்துகொண்டு உயர்ந்த மதில்களை அநாயாசமாகத் தாண்டுகிறான். விஷயம் வெளியே தெரிந்து படை சூழ்ந்ததும் பறவைபோல மறைந்துவிடுகிறான். பல ஆண்டுகள் கழித்து லுவோயாங் சந்தையில் மருந்து விற்றுக்கொண்டிருந்தான், ஒரு நாள்கூட மூப்படையாமல். சந்தையில் சாமான் விற்பவரை லேசாக நினைக்காதே என்ற பாடம் சீனக் கதைகளில் அங்கிருந்து தொடர்கிறது.

பாக்தாதில் நடந்தது வேறு. 786 முதல் 809 வரை ஆண்ட கலீஃபா ஹாரூன் அல் ரஷீது, ஆயிரத்தொரு இரவுகள் கதைகளில் மந்திரி ஜாஃபரோடும் மெய்க்காவலன் மஸ்ரூரோடும் வணிகர் வேடத்தில் இரவு உலா போகிறார். 1704இல் அந்தக் கதைகளை அந்துவான் காலான் பிரெஞ்சில் வெளியிடத் தொடங்கினார். 12 தொகுதிகள் 1717 வரை வந்தன. ஐரோப்பா முழுவதும் அவற்றைப் படித்தது. ராஜா மாறுவேடம் போடுவது அங்கும் பழைய சங்கதிதான். ஆனால் மாறுவேடம் போட்டுக்கொண்டு நகரத்தையே வேடிக்கை பார்க்கலாம் என்ற ருசி இந்தப் புத்தகங்களோடு பரவியது.

அந்த ருசிக்கு விலை வைத்தவர் அலெக்சாந்தர் துமா. 1844 முதல் 1846 வரை பாரிஸின் ஜூர்னால் தெ தெபா நாளிதழில் மாண்ட் கிறிஸ்டோ பிரபு தொடராக வந்தான். கதைக்கு விதை போட்டது, பாரிஸ் காவல்துறை ஆவணங்களிலிருந்து ஜாக் பெஷே எழுதிவைத்த ஒரு செருப்புத் தொழிலாளியின் பழிவாங்கும் கதை. துமாவின் நாயகன் போட்டுக்கொள்ளும் பொய்ப் பெயர்களில் ஒன்று கடலோடி சிந்துபாத். பாக்தாதின் கடன் அதிலேயே தெரிகிறது. இங்கே பலம் பணம், ஒளிக்கப்பட்டது பழைய பெயர். எதிரிகள் அவனோடு விருந்துண்கிறார்கள். அவன் யாரென்று வாசகருக்கு மட்டும் தெரியும். அடுத்த நாள் பத்திரிகையை வாங்க வைக்க இதைவிட வேறென்ன வேண்டும்? 1958இல் ஜெமினி எடுத்த வஞ்சிக்கோட்டை வாலிபனிலும் இந்தப் பிரபுவின் சாயலைப் பார்க்கலாம்.

அடுத்த திருப்பம் ஒரு ஹங்கேரியப் பெண்ணிடமிருந்து வந்தது. விவசாயிகள் கிளர்ச்சிக்கு அஞ்சி 1868இல் ஊரை விட்டுக் கிளம்பிய பண்ணையார் குடும்பத்துக் குழந்தை எம்மா ஆர்ட்ஸி. பின்னால் லண்டனில் குடியேறி அவர் எழுதிய கதையைப் பதிப்பாளர்கள் ஏற்கவில்லை. 1903இல் நாட்டிங்ஹாமில் நாடகமாக ஏறி, 1905இல் லண்டனுக்கு வந்தது. விமர்சகர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள், ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அதன் நாயகன் சர் பெர்சி, உடுப்பைப் பற்றித் தவிர வேறொன்றும் பேசத் தெரியாத பகட்டுக்காரன். ரகசியமாக, பிரெஞ்சுப் புரட்சியின் கில்லட்டினிலிருந்து ஆட்களை மீட்பவன். அதுவரை நாயகர்களில் பலர் எளிமையை வேடமாகப் போட்டார்கள். ஆர்ட்ஸி அசட்டுத்தனத்தை வேடமாக்கினார். அவன் மனைவிகூட அவனை மட்டமாக நினைத்தாள்.

அமெரிக்காவில் ஜான்ஸ்டன் மெக்கல்லி 1919இல் ஆல் ஸ்டோரி வீக்லி இதழுக்கு ஐந்து வாரத் தொடர் ஒன்றை எழுதினார். களம் பழைய கலிஃபோர்னியா. அதன் நாயகன் டான் டியகோ சோம்பேறி, கொட்டாவி விடுபவன்; முகமூடி போட்டால் வாள்வீரன் ஸோரோ. பகட்டுக்காரனை அப்படியே ஸ்பானிய உடையில் இறக்கியதுபோல இருந்தான். தொடர் அதோடு முடிந்துவிடும் என்று நம்பிய மெக்கல்லி, கடைசியில் ஊர் முழுக்கப் பார்க்க அவன் முகமூடியைக் கழற்றிவிட்டார். மறு ஆண்டே டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் அதைப் படமாக எடுக்க, படம் வெளுத்து வாங்கியது. இன்னும் கதை வேண்டும் என்று வாசகர்கள் கேட்டார்கள். அம்பலமான ரகசியத்தை என்ன செய்வது? பின்னால் எழுதிய கதைகளில் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பதுபோல மெக்கல்லி தொடர்ந்தார், ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. ரகசியம் நீடிக்கும்வரைதான் சரக்கு போகும் என்று அச்சுத் தொழில் அதில் படித்துக்கொண்டது.

கிளீவ்லாந்தில் உயர்நிலைப் பள்ளி நண்பர்களான ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் ஃபேர்பேங்க்ஸ் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். பத்திரிகைகள் ஆண்டுக்கணக்கில் திருப்பி அனுப்பிய அவர்களின் படக்கதை, 1938இல் ஆக்ஷன் காமிக்ஸ் முதல் இதழில் வந்தது. 13 பக்கத்துக்குப் பக்கத்துக்கு 10 டாலர் வீதம் 130 டாலர் வாங்கிக்கொண்டு சூப்பர்மேனின் உரிமையை இருவரும் எழுதிக்கொடுத்துவிட்டார்கள். அவர்கள் செய்த மாற்றம்தான் பெரிது: மூக்குக்கண்ணாடியும் கூச்சமுமாக அலுவலகத்தில் அலட்சியப்படுத்தப்படும் நிருபர்தான் அங்கே வேடம். கூச்சம் மிகுந்த இரண்டு பையன்கள் தங்களையே அங்கே வரைந்துவைத்தார்கள். பிச்சைக்காரனுக்குள் ராஜா இருக்கிறான் என்ற பழைய கதை, குமாஸ்தாவுக்குள் தேவன் இருக்கிறான் என்று ஆனது. படிக்கிறவர்களில் ராஜாக்கள் குறைவு, குமாஸ்தாக்கள் அதிகம், விற்பனை எகிறியது. 1939இல் வந்த பேட்மேனை உருவாக்கியவர்கள் ஸோரோவிடம் பட்ட கடனை மறைக்கவே இல்லை.

தமிழில் நாமக்கல் கவிஞர் எழுதிய மலைக்கள்ளன் நாவல் 1954இல் எம்.ஜி.ஆர். நடிக்கப் படமானது. கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டுடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு இயக்கம், மு. கருணாநிதி வசனம். ஊருக்குள் வியாபாரி, மலையில் கள்ளன், நிஜத்தில் வேறொருவன். நாயுடு சளைக்காத வியாபாரி. அதே கதை தெலுங்கில் என்.டி. ராமராவ், இந்தியில் திலீப் குமார் என்று போய், மலையாளம், கன்னடம் தாண்டி, இலங்கையில் சிங்களத்துக்கும் சென்றது. ஸோரோ கடல் தாண்டியதுபோல மலைக்கள்ளன் மொழி தாண்டினான்.

ஜப்பானில் தாமதத்தைக் கடிகாரத்தில் அளந்தார்கள். 17ஆம் நூற்றாண்டுப் பிரபு தொகுகாவா மிட்சுகுனி, ஜப்பானிய வரலாற்றைத் தொகுக்க நாடெங்கும் அறிஞர்களை அனுப்பி ஆவணம் சேகரித்தவர். அவர் பெரிதாக ஊர் சுற்றியவர் அல்ல. ஆனால் அந்த அறிஞர்களின் பயணங்களைக் கதைசொல்லிகள் அவர் தலையில் கட்டி, ஓய்வுபெற்ற ஜவுளி வியாபாரி வேடத்தில் ஊர் ஊராகப் போய் அநியாயத்தைத் தட்டிக் கேட்கும் தாத்தாவாக்கினார்கள். அந்தக் கதையை வைத்து எடுத்த மிட்டோ கோமன் என்ற தொலைக்காட்சித் தொடர் 1969 முதல் 2011 வரை 1,200க்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் ஓடியது. மின்சாதனம் விற்கும் மாட்சுஷிடா நிறுவனம்தான் விளம்பரதாரர். இரவு 8 மணிக்குத் தொடங்கும் நிகழ்ச்சியில், முக்கால் மணி நேரம் ஆனதும் தாத்தாவின் உதவியாள் குலச்சின்னம் பொறித்த சிறு பேழையை உயர்த்திக் காட்டுவான், வில்லன்கள் மண்டியிடுவார்கள். என்ன நடக்கும், எப்போது நடக்கும் என்று தெரிந்தும் நாற்பது ஆண்டு பார்த்தார்கள்.

ஏறக்குறைய அதே காலத்தில் ஹாங்காங்கில் ஜின் யோங், தான் நடத்திய மிங் பாவ் நாளிதழை விற்கத் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தார். 1963இல் அங்கும் சிங்கப்பூர் நாளிதழ் ஒன்றிலும் தொடங்கிய கதையில், பெரிய பெரிய வீரர்கள் மோதிக்கொள்ளும் ஷாவோலின் நூலகத்தில் தரை பெருக்கிக்கொண்டிருந்த பெயரில்லாத கிழவர் எல்லோரையும் விஞ்சுகிறார். மோ லேயின் வாரிசு துடைப்பத்தோடு திரும்பி வந்துவிட்டார்.

நமது பாட்ஷா படத்து மாணிக்கம் 1995 பொங்கலுக்கு வந்தான். 1991இல் வெளியான ஹம் என்ற இந்திப் படத்தில் அமிதாப் பச்சனுடன் ரஜினிகாந்தும் நடித்தார். அந்தப் படத்துக்காக யோசிக்கப்பட்டு, வேண்டாம் என்று விடப்பட்ட ஒரு காட்சி: தம்பிக்கு இடம் மறுக்கும் போலீஸ் பயிற்சிக் கல்லூரித் தலைவரிடம் அண்ணன் போய்ப் பேசி இடம் வாங்கிவிடுகிறான். கைவிடப்பட்ட அந்தக் காட்சி ரஜினியின் மனதில் தங்கியது. இயக்குநர் சுரேஷ் கிருஷ்ணாவுடன் பேசிப் பேசி பாட்ஷா ஆயிற்று. படத்தில் ஆட்டோக்காரர் தங்கைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் வாங்கப் போகிறார். கண்ணாடிக்கு அப்பால் என்ன பேசினார் என்று நமக்குக் கேட்கவில்லை. கல்லூரிக்காரர் மட்டும் வெலவெலத்துப் போகிறார். இடைவேளையை ஒட்டித்தான் கை ஓங்குகிறது. ஜப்பானியர்கள் கடிகாரத்தை நம்பினார்கள். நாம் இடைவேளை மணியை நம்பினோம். அதற்கப்புறம் இன்டர்வெல் பிளாக் என்று தனியாக உட்கார்ந்து யோசிக்காத இயக்குநர் அபூர்வம்.

நகல் எடுப்பதும் இப்போது நாகரிகமாக நடக்கிறது. 1997இல் வந்த எ ஹிஸ்டரி ஆஃப் வயலன்ஸ் என்ற படக்கதை 2005இல் ஹாலிவுட் படமானது. 2023இல் லோகேஷ் கனகராஜின் லியோ அதற்குப் படத்திலேயே மரியாதை செய்தது. இமாச்சலத்தில் காபி போட்டுக்கொண்டிருந்தவரின் பழைய பெயர் வெளியே வர நாம் காத்திருக்க வேண்டியிருந்தது. சீனாவில் தொடர்கதைகள் வெளியிடும் சிதியான் இணையதளம் 2003இல் அத்தியாயத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கத் தொடங்கியது. ஒன்றுக்கும் உதவாதவன் என்று ஒதுக்கப்பட்டவன் யாரென்று தெரிய வாசகர் இப்போது சில்லறையாகக் கட்டணம் செலுத்துகிறார். துமா கண்ட லாபக் கணக்கு அங்கே சுத்தமாக முடிந்திருக்கிறது.

இத்தனை கைமாறியும் ஒரு விதியை மட்டும் எவரும் தொடவில்லை. வேடம் மாறலாம், பலம் மாறலாம், காத்திருக்கும் நேரமும் மாறலாம், "நான் யார் தெரியுமா?" என்று நாயகன் முதல் காட்சியிலேயே கேட்டுவிடக் கூடாது. வில்லோ, பேழையோ, வெலவெலத்துப்போன கல்லூரிக்காரரோ அதைச் சொல்ல வேண்டும். டோல்கேட்டில் வண்டியை நிறுத்தி அந்தக் கேள்வியைக் கேட்பவர்களை நமக்குப் பிடிக்காமல் போவதற்கும், கேட்காதவனுக்காக இரண்டரை மணி நேரம் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பதற்கும் காரணம் ஒன்றேதான்.