555 டைமர் சில்லு

வேண்டிய வேகத்தில் மின்துடிப்புகளைப் பிறப்பிக்கும் ஒருங்கிணைந்த மின்சுற்று. இதற்கு முன் அப்பணியைத் தனித்தனி டிரான்சிஸ்டர்களால் கட்டிய மல்டிவைப்ரேட்டர்கள் செய்துவந்தன.

சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் கமென்சிண்ட், கலிபோர்னியாவின் சிக்னெடிக்ஸ் நிறுவனத்தில் தாம் வகித்த உத்தியோகத்தை 1970இல் துறந்து, அந்நிறுவனத்துக்கே ஒப்பந்த முறையில், பழைய சம்பளத்தின் ஏறக்குறையப் பாதிக்கு, இதனை வடிவமைக்க இசைந்தார். 1971இல் பரிசீலனையில் தேறிய முதல் வடிவம், மின்தேக்கியை நிரப்ப மாறா மின்னோட்ட மூலம் ஒன்றைக் கொண்டிருந்தமையால், 9 கால்களை வேண்டிற்று. சில தினங்களில், வெறும் மின்தடை ஒன்றின் வழியாகவே மின்தேக்கியை நிரப்பலாம் என்ற யோசனை அவருக்கு உதித்தது. ஒரு கால் குறைந்தது. 14 கால் உறைக்குப் பதில் 8 கால் சிற்றுறையே போதுமானதாயிற்று. சில்லின் வரைபடத்தைச் செந்நிறப் படலத்தில் அவர் தம் கையாலேயே வெட்டினார். 1972இல் விற்பனைக்கு வந்தது.

உள்ளிருக்கும் மூன்று 5 கிலோ ஓம் மின்தடைகளால் இப்பெயர் வந்தது என்பர். விற்பனை அதிகாரி ஆர்ட் ஃபியூரி விருப்பம்போல் இட்ட எண்ணே இது என்பது கமென்சிண்டின் கூற்று.

அம்மூன்று மின்தடைகளும் வழங்கு மின்னழுத்தத்தைச் சமபாகமாகப் பகுக்கின்றன. மின்தேக்கி மூன்றில் இரு பங்கு வரை நிரம்பி, ஒரு பங்கு வரை வடிந்து, மீண்டும் நிரம்புகிறது. எல்லைகள் பங்குகளாகவே அமைந்தமையால், மின்கலம் சற்றுத் தளர்ந்தாலும் துடிப்பின் காலம் ஏறத்தாழ மாறுவதில்லை. இவ்வளவு எளிய உபாயத்தால் இவ்வளவு பெரிய பயன் விளைவது அபூர்வம். 47 கிலோ ஓம் மின்தடை இரண்டும் 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் இணைத்தால் வினாடிக்கு ஏறக்குறைய ஒரு துடிப்பு; எல்.இ.டி. இரு பங்கு காலம் எரிந்து ஒரு பங்கு காலம் அணையும்.

தமிழ்நாட்டில் பாலிடெக்னிக், பொறியியல் ஆய்வுக்கூடங்களிலேயே பெரும்பாலோர் இதனை முதலில் சந்திக்கின்றனர். சென்னை ரிச்சி தெரு இதன் பிரசித்தமான சந்தை. மறைமலை நகரிலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரை பரந்த மோட்டார் வாகன ஆலை வட்டாரத்தில் தொழில் பழகுவோருக்கும் இச்சில்லைக் கொண்டு சுற்று அமைக்கும் பயிற்சி உகந்தது.

மின்செலவு குறைந்த சிமாஸ் வகைகள் பின்னர் தோன்றின. இப்போது திருகு மின்தடையும் ஜம்பரும் பொருத்திய ஆயத்தப் பலகைகள் கிடைக்கின்றன. ஜம்பர் இடம் மாறினால் மின்தேக்கி மாறி அலைவெண் வரம்பு மாறும். திருப்புளியால் திருகினால் வேகம் நுட்பமாக அமையும். துடிப்புக்கு ஒரு படியாக நகரும் ஸ்டெப்பர் மோட்டாரின் டிரைவருக்கு இத்துடிப்புகளைக் கொடுத்தால், முழுப்படி முறையில், 1.8 பாகைப் படியுடைய மோட்டார் 200 துடிப்புகளில் ஒரு சுற்று சுழலும்.