கடல் வாழைப்பழமும் ஐந்து மலபார்களும்

1746இல் ஆங்கிலேயரிடமிருந்து சென்னைக் கோட்டையைப் பிடித்தவர் பிரெஞ்சுத் தளபதி மாஹே தெ லா பூர்தொன்னே. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, மொரீஷியஸ் ஆளுநராக இருந்தபோது, லாசார் பிக்கோ என்ற மாலுமியை அனுப்பி வடக்கே இருந்த ஒரு தீவுக்கூட்டத்தைப் பார்த்துவரச் செய்திருந்தார். அங்குள்ள பெரிய தீவுக்கு இன்றும் அவர் பெயர்தான்: மாஹே. (கேரளக் கரையில் உள்ள நம் புதுச்சேரி மாஹே வேறு.) 1756இல் தீவுக்கூட்டம் முழுவதற்கும் பிரெஞ்சு நிதியமைச்சர் மொரோ தெ செஷெல் பெயரைச் சூட்டினார்கள். அதுவே இன்றைய செஷல்ஸ் நாடு.

1770 ஆகஸ்டில் தெலெமாக் என்ற கப்பலில் முதல் குடியேறிகள் 28 பேர் வந்து இறங்கினார்கள். வெள்ளையர் 15, ஆப்பிரிக்க அடிமைகள் 7, ஒரு கறுப்பினப் பெண், 'மலபார்' 5. பிரெஞ்சில் படித்தவர்களுக்கு இந்தச் சொல் பழக்கமானது. அக்காலப் பிரெஞ்சு ஆவணங்களில் மலபார் என்றால் பெரும்பாலும் தமிழர், மலையாளி அல்ல. ஆக, அந்த நாட்டின் முதல் நாளிலேயே நம்மவர்களும் இருந்திருக்கிறார்கள்.

மாஹேயிலிருந்து தென்மேற்கே சுமார் 400 கிலோமீட்டரில் அல்ஃபோன்ஸ் தீவு. பக்கத்தில் சேன் பிரான்சுவா. இரண்டையும் சுற்றிக் கணுக்கால், முழங்கால் அளவே நீர் நிற்கும் பரந்த மணல்வெளிகள். தொளி அடித்து நீர் நிறுத்திய நம் சுந்தரபாண்டியபுரத்து வயல்களை நினைத்துக்கொள்ளுங்கள். கடல் ஏறும்போது அங்கே போன்ஃபிஷ் என்னும் மீன் மேய வரும். பிரெஞ்சில் இதற்கு 'பனான் தெ மேர்', அதாவது கடல் வாழைப்பழம், என்று பெயர். தலையை மணலில் புதைத்து நண்டையும் இறாலையும் தோண்டும்போது வால் நீருக்கு மேலே மினுங்கும். உடம்பு கண்ணாடிபோல் மணலின் நிறத்தையே காட்டுவதால், மீனைவிட அதன் நிழல்தான் முதலில் கண்ணில் படும்.

இதைப் பிடிக்க வருபவர்களின் தூண்டிலில் புழு இருக்காது. இறகையும் ரோமத்தையும் முள்ளில் நூலால் கட்டி இறால்போலச் செய்திருப்பார்கள். அதற்குக் கனம் மிகக் குறைவு. கயிற்றின் கனத்தை வீசித்தான் அதை மீன்முன் இறக்க வேண்டும். வயலில் கொக்கு நிற்பதுபோல் நின்று, மெல்ல நடந்து, ஒரே வீச்சு. சத்தம் கேட்டால் கூட்டமே ஓடிவிடும். கடித்த மீன் நொடிகளில் நூறு மீட்டர் கயிற்றை இழுத்துக்கொண்டு பாயும். இத்தனை பாடுபட்டுப் பிடித்ததை அப்படியே கடலில் விட்டுவிடுவார்கள். உடம்பெல்லாம் முள், ஆங்கிலப் பெயரே அதனால் வந்தது.

செஷல்ஸின் செல்வம் காலத்துக்குக் காலம் மாறியது. ஒரு காலம் இலவங்கப்பட்டையும் கொப்பரையும். வெளித்தீவுகளில் உரத்துக்காகப் பறவை எச்சத்தையும் வெட்டி எடுத்தார்கள். 1971இல் மாஹேயில் விமான நிலையம் திறந்தபின் சுற்றுலா. 1999இல் அல்ஃபோன்ஸில் விடுதி வந்தபின், யாரும் கூடையில் போடாத இந்த முள்மீனே அத்தீவுக்குச் சோறு போடுகிறது. உயிரோடு இருக்கும்வரைதான் அதற்கு விலை.

'மனிதக் கால் படாத தீவுகள்' என்று சுற்றுலாக்காரர்கள் எழுதுவதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்தத் தென்னைகளை நட்டவர்களும் தேங்காய் உரித்தவர்களும் மனிதர்கள்தானே? பிள்ளை, நாயக்கன், செட்டி என்ற பெயர்கள் இன்னும் அந்த நாட்டில் வழங்குகின்றன. தலைநகர் விக்டோரியாவில் 1992 முதல் நவசக்தி விநாயகர் கோயிலும் இருக்கிறது. தூண்டில்காரர்கள் எழுதும் வரலாற்றில், 1770இல் வந்திறங்கிய அந்த ஐந்து பேருக்கும் ஒரு வரி இருக்க வேண்டும்.