ஜார்ஜியா மாநிலத்தில் குடிமை உரிமைப் போராட்டமும் அரசியல் மாற்றமும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கிழக்கில் உள்ள ஜார்ஜியா, குடிமை உரிமை இயக்கத்தின் தலைமையிடமாக விளங்கிய மாநிலம். மார்ட்டின் லூதர் கிங் பிறந்த ஊர் இதன் தலைநகரான அட்லாண்டா. அவர் தலைமை வகித்த தென்னகக் கிறித்தவத் தலைமை மாநாடும், மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவும் இந்த நகரிலிருந்தே இயங்கின. அதே காலத்தில், வாக்குகளை எண்ணும் முறையைக் கொண்டே கருப்பினத்தவரையும் நகரவாசிகளையும் அதிகாரத்திலிருந்து விலக்கி வைத்திருந்த மாநிலமும் இதுதான். யார் வாக்களிக்கலாம், அந்த வாக்குக்கு எவ்வளவு மதிப்பு என்னும் இரண்டு கேள்விகளைச் சுற்றியே ஜார்ஜியாவின் நூற்றைம்பது ஆண்டு அரசியல் சுழன்று வந்திருக்கிறது.

பின்னணி

உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலத்தில், 1868இல், ஜார்ஜியா சட்டமன்றத்துக்கு முதன்முறையாகக் கருப்பினத்தவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்கள் மொத்தம் 33 பேர். வாக்களிக்கும் உரிமை பதவி வகிக்கும் உரிமையைத் தராது என்று வாதிட்ட வெள்ளை உறுப்பினர்கள், அவர்களில் பெரும்பாலோரை அதே ஆண்டு செப்டம்பரில் அவையிலிருந்து நீக்கினர். சில நாள்களில் கமிலா என்னும் ஊரில் கருப்பினத்தவர் நடத்திய தேர்தல் ஊர்வலம் துப்பாக்கிச் சூட்டுக்கு உள்ளாகிப் பலர் மாண்டனர். நீக்கப்பட்டவர்கள் 1870இல் மீண்டும் அவைக்குள் வந்தார்கள். ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் ஜனநாயகக் கட்சியின் வெள்ளையர் ஆதிக்கம் உறுதிப்பட்டது.

அதன்பின் வாக்குரிமை படிப்படியாகப் பறிக்கப்பட்டது. 1877ஆம் ஆண்டு அரசமைப்பின்படி, செலுத்தாத வாக்குவரி ஆண்டுக்கு ஆண்டு நிலுவையாகச் சேர்ந்தது. பாக்கியைக் கட்டி முடிக்காதவர் வாக்களிக்க முடியாது. 1900இல் ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளர் தேர்வை வெள்ளையருக்கு மட்டும் உரியதாக்கியது. மாநிலத்தில் வேறு வலுவான கட்சி இல்லாததால், உட்கட்சித் தேர்தலில் வென்றவரே பொதுத் தேர்தலிலும் வென்றார். 1906இல் அட்லாண்டாவில் வெள்ளைக் கும்பல்கள் கருப்பினத்தவரைக் கொன்று குவித்தன. 1908ஆம் ஆண்டின் அரசமைப்புத் திருத்தம் எழுத்தறிவுத் தேர்வையும் சொத்துத் தகுதியையும் புகுத்தியது. முன்னோர் போர்களில் படைப்பணி செய்தவர்களுக்கு அதில் விலக்கு இருந்ததால், படிக்காத வெள்ளையர் பலர் தப்பித்துக்கொண்டனர்.

கவுண்டி அலகு முறை

1917இல் சட்டமான கவுண்டி அலகு முறை, உட்கட்சித் தேர்தல்களுக்கான ஏற்பாடு. மாநிலத்தில் 159 கவுண்டிகள் (மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவுகள்) உள்ளன. மக்கள்தொகையில் பெரிய 8 கவுண்டிகளுக்குத் தலா 6 அலகுகள், அடுத்த 30க்குத் தலா 4, எஞ்சிய 121க்குத் தலா 2 என மொத்தம் 410 அலகுகள் வகுக்கப்பட்டன. உட்கட்சித் தேர்தலில் ஒரு கவுண்டியில் முன்னிலை பெற்றவருக்கு அதன் அலகுகள் முழுவதும் போய்ச் சேரும். சிறிய மூன்று கவுண்டிகளைப் பிடித்தால் அட்லாண்டா அமைந்த ஃபுல்டன் கவுண்டியை ஈடுகட்டிவிடலாம். 1960 வாக்கில் எக்கோல்ஸ் கவுண்டியில் 938 பேருக்கு ஓர் அலகும், ஃபுல்டனில் 92,721 பேருக்கு ஓர் அலகும் இருந்தன.

இம்முறையால் அதிகம் பயனடைந்தவர் யூஜின் டால்மட்ஜ். கிராமப்புற வெள்ளை விவசாயிகளின் ஆதரவை நம்பிய அவர், டிராம் வண்டி ஓடும் ஊர்களில் பிரசாரம் செய்யத் தேவையில்லை என்று பெருமை பேசியவர். 1946ஆம் ஆண்டு ஆளுநர் போட்டியில் ஜேம்ஸ் கார்மைக்கேல் அவரைவிடச் சுமார் 16,000 வாக்குகள் கூடுதலாகப் பெற்றார். அலகுக் கணக்கிலோ டால்மட்ஜ் 242க்கு 146 என்று வென்றார்.

வாக்குச் சாவடியின் கதவு திறத்தல்

அந்த 1946 தேர்தலுக்குச் சற்று முன்புதான் வெள்ளையர் மட்டும் வாக்களிக்கும் உட்கட்சித் தேர்தல் ஒழிந்தது. கொலம்பஸ் நகரத்தைச் சேர்ந்த முடிதிருத்துநரும் போதகருமான பிரைமஸ் கிங், 1944 ஜூலையில் வாக்களிக்கச் சென்றபோது வெளியேற்றப்பட்டார். அவர் தொடுத்த வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றங்கள் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தன. ஆளுநர் எல்லிஸ் ஆர்னால் 1945இல் வாக்குவரியை நீக்கியிருந்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருப்பினத்தவர் வாக்காளர்களாகப் பதிவு செய்துகொண்டனர். இதற்கு எதிர்வினையும் கடுமையாக இருந்தது. 1946 ஜூலையில் மூர்ஸ் ஃபோர்டு பாலத்தருகே இரண்டு கருப்பினத் தம்பதியர் வெள்ளைக் கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டனர், எவரும் தண்டிக்கப்படவில்லை.

அட்லாண்டாவில் கருப்பின வாக்கு விரைவில் பலன் தந்தது. ஏ. டி. வால்டன், ஜான் வெஸ்லி டாப்ஸ் ஆகியோர் வாக்காளர்களைத் திரட்டி நகர மேயருடன் பேரம் பேசும் நிலைக்கு உயர்ந்தனர். 1948இல் நகரக் காவல் துறையில் 8 கருப்பினத்தவர் சேர்க்கப்பட்டனர். எனினும் வெள்ளையரைக் கைது செய்யும் அதிகாரம் அவர்களுக்குத் தரப்படவில்லை.

கிராமங்களில் நிலை வேறாக இருந்தது. தென்மேற்கு ஜார்ஜியாவின் டெரல் கவுண்டியில், கல்லூரிப் பட்டம் பெற்ற கருப்பினப் பள்ளி ஆசிரியர்களே எழுத்தறிவுத் தேர்வில் தேறவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டனர். 1957ஆம் ஆண்டு குடிமை உரிமைச் சட்டத்தின் கீழ் கூட்டாட்சி அரசு தொடுத்த முதல் வழக்கு இந்தக் கவுண்டியின் அலுவலர்கள் மீதுதான்.

போராட்டக் காலம்: 1960–1965

1960 மார்ச்சில் அட்லாண்டாவின் கருப்பினக் கல்லூரி மாணவர்கள், லோனி கிங், ஜூலியன் பாண்ட் ஆகியோர் முன்னின்று, தங்கள் கோரிக்கைகளை நாளிதழ்களில் முழுப்பக்க அறிக்கையாக வெளியிட்டனர்; சில நாள்களில் உணவகங்களில் உள்ளிருப்புப் போராட்டம் தொடங்கினர். அக்டோபரில் ரிச்ஸ் பல்பொருள் அங்காடியில் நடந்த போராட்டத்தில் மார்ட்டின் லூதர் கிங்கும் கைதாகி ரீட்ஸ்வில் சிறைக்கு அனுப்பப்பட்டார். அதிபர் தேர்தலில் நின்ற ஜான் கென்னடி கிங்கின் மனைவியைத் தொலைபேசியில் அழைத்து ஆறுதல் கூறியது கருப்பின வாக்குகளை அவர் பக்கம் ஈர்த்தது. சவான்னா நகரில் டபிள்யூ. டபிள்யூ. லா தலைமையில் கடைப் புறக்கணிப்பு நீண்ட காலம் நடந்தது. 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டம் வருவதற்கு முன்பே அங்குப் பொது இடங்களில் பிரிவினை கைவிடப்பட்டது. 1961 ஜனவரியில் சார்லெய்ன் ஹன்டர், ஹாமில்டன் ஹோம்ஸ் என்னும் இருவர் நீதிமன்ற ஆணையின்படி ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தனர். பள்ளிகளை மூடியாவது பிரிவினையைக் காப்பதாக வாக்களித்து வென்றிருந்த ஆளுநர் எர்னஸ்ட் வான்டிவர் அத்துடன் பின்வாங்கினார்.

1961 நவம்பரில் உருவான ஆல்பனி இயக்கம் அந்த நகரம் முழுவதன் பிரிவினையையும் ஒரே வீச்சில் எதிர்த்தது. சார்ல்ஸ் ஷெரட், கார்டெல் ரேகன் ஆகிய இளைஞர்கள் களப்பணி செய்தனர். மருத்துவர் வில்லியம் ஆண்டர்சன் தலைமை ஏற்றார். காவல் தலைவர் லாரி பிரிட்சட் கேமராக்களின் முன் அடிதடியைத் தவிர்த்தார். கைதானவர்களைச் சுற்றுவட்டாரக் கவுண்டிச் சிறைகளுக்குப் பிரித்து அனுப்பி, சிறை நிரப்பும் உத்தியை முறியடித்தார். இயக்கத்துக்குத் துணைநிற்க வந்த கிங், 1962 ஆகஸ்டில் பெரிய வெற்றியின்றித் திரும்பினார். ஒரு குறிப்பிட்ட இலக்கைத் தேர்ந்து தாக்க வேண்டும் என்ற பாடம் 1963இல் பர்மிங்ஹாம் போராட்டத்துக்கு உதவியது. கிங் சென்ற பிறகும் ஆல்பனி மக்கள் வாக்காளர் பதிவைத் தொடர்ந்தனர். பதிவுக் கூட்டங்கள் நடந்த சில தேவாலயங்கள் 1962இல் தீக்கிரையாயின.

நீதிமன்றத் தீர்ப்புகள்

1963 மார்ச்சில் கிரே எதிர் சாண்டர்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கவுண்டி அலகு முறையை ரத்து செய்தது. ஒருவருக்கு ஒரு வாக்கு, எல்லா வாக்குக்கும் ஒரே மதிப்பு என்னும் கோட்பாடு இவ்வழக்கில்தான் வேரூன்றியது. அடுத்த ஆண்டு ஜார்ஜியாவிலிருந்தே சென்ற வெஸ்பெரி எதிர் சாண்டர்ஸ் வழக்கு, நாடாளுமன்றத் தொகுதிகள் மக்கள்தொகையில் சமமாக இருக்க வேண்டும் என்று நிலைநாட்டியது. கருப்பினத்தவருக்கு அறை தர மறுத்த அட்லாண்டா விடுதி ஒன்றின் வழக்கில், 1964 டிசம்பரில் குடிமை உரிமைச் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பானது.

1962இல் லீராய் ஜான்சன் மாநில மேலவைக்குத் தேர்வானார். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்குக் கருப்பினத்தவர் எவரும் இருந்ததில்லை. 1965இல் வென்ற ஜூலியன் பாண்டை, வியட்நாம் போரை எதிர்த்த அறிக்கையை ஆதரித்தார் என்பதற்காக, மாநிலக் கீழவை 184க்கு 12 என்ற வாக்கில் ஏற்க மறுத்தது. இது பேச்சுரிமைக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 1966இல் ஒருமனதாகக் கூறியது. 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்துக்கு முன், வாக்களிக்கும் வயதிலிருந்த ஜார்ஜியக் கருப்பினத்தவரில் பதிவு பெற்றோர் சுமார் 27 விழுக்காடு. 1967இல் அது 52 விழுக்காட்டைத் தாண்டியது.

இரண்டாம் சுற்றுத் தேர்தல் முறை

அலகு முறை வீழ்ந்ததும் மேகான் நகரச் சட்டமன்ற உறுப்பினர் டென்மார்க் குரூவர், பாதிக்கு மேல் வாக்குப் பெறாதவர் இரண்டாம் சுற்றைச் சந்திக்க வேண்டும் என்ற விதியை முன்வைத்தார். 1964இல் அது சட்டமாயிற்று. வெள்ளை வாக்குகள் பலரிடையே சிதறி, ஒன்றுபட்ட கருப்பின வாக்கால் ஒருவர் முந்திவிடக் கூடாது என்பதே அதன் பின்னிருந்த கணக்கு. தாம் பிரிவினைவாதியாக இருந்ததைக் குரூவர் பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

ஆளுநர் பதவிக்கு அப்போது வேறு விதி இருந்தது: எவருக்கும் பெரும்பான்மை இல்லையெனில் சட்டமன்றம் முடிவு செய்யும். 1966இல் குடியரசுக் கட்சியின் போ கேலவே சிறிய முன்னிலை பெற்றும், ஜனநாயகக் கட்சியினர் நிறைந்த சட்டமன்றம் லெஸ்டர் மேடக்ஸைத் தேர்ந்தெடுத்தது. கருப்பினத்தவரைத் தம் உணவகத்துக்குள் விடாமல் விரட்டிப் பெயர் பெற்றவர் அவர்.

புதிய தலைமுறை

மேடக்ஸுக்குப் பின் 1971இல் ஆளுநரான ஜிம்மி கார்ட்டர், பதவியேற்பு உரையிலேயே இனப் பாகுபாட்டின் காலம் முடிந்தது என்று அறிவித்தார். தேர்தலில் பிரிவினை ஆதரவாளர்களின் வாக்கையும் நாடியிருந்தவர் என்பதால் இது பலருக்கு வியப்பளித்தது. 1972இல் ஆண்ட்ரூ யங் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குச் சென்றார். 1973இல் டாப்ஸின் பேரன் மேனார்ட் ஜாக்சன், 35 வயதில், தென்னகப் பெருநகர் ஒன்றின் முதல் கருப்பின மேயரானார். அட்லாண்டா விமான நிலைய விரிவாக்கத்தில் சிறுபான்மை நிறுவனங்களுக்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஒப்பந்தம் தர வேண்டும் என்று அவர் விடாப்பிடியாக நின்றார். நகரில் கருப்பினத் தொழில்முனைவோர் வளர அது வழி செய்தது. 1986இல் ஜான் லூயிஸ் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வாகி, 2020இல் மறையும் வரை அப்பொறுப்பில் இருந்தார்.

மாற்றம் எங்கும் ஒரே சீராக நிகழவில்லை. 1912இல் கருப்பினத்தவரை மொத்தமாக விரட்டியடித்த ஃபோர்சைத் கவுண்டியில், 1987 ஜனவரியில் ஒரு சிறிய ஊர்வலம் கல்வீச்சுக்கு ஆளானது; அடுத்த வாரமே சுமார் 20,000 பேர் அங்கு அணிவகுத்தனர்.

கட்சிகளின் இடமாற்றம்

வெள்ளை வாக்காளர்கள் ஜனநாயகக் கட்சியிலிருந்து விலகத் தொடங்கியது 1964இல், அதிபர் தேர்தலில் பேரி கோல்ட்வாட்டரை ஆதரித்ததிலிருந்து. மாநில ஆட்சி கைமாற மேலும் 38 ஆண்டுகள் ஆயின. 1956இல் மாநிலக் கொடியில் சேர்க்கப்பட்ட, உள்நாட்டுப் போர்க்காலத் தென்னகக் கூட்டமைப்புப் படையின் போர்க்கொடிச் சின்னத்தை ஆளுநர் ராய் பார்ன்ஸ் 2001இல் சிறிதாக்கினார். 1956இல் அச்சின்னத்துக்காக வாதாடிய அதே குரூவர், இம்முறை மாற்றத்தை ஆதரித்தார். கொடி மாற்றத்தால் கிராமப்புற வெள்ளையரிடையே எழுந்த சினமும் சேர்ந்து 2002இல் பார்ன்ஸைத் தோற்கடித்தது. சன்னி பெர்டூ மறுசீரமைப்புக் காலத்துக்குப் பின் வந்த முதல் குடியரசுக் கட்சி ஆளுநரானார்.

இருபத்தொன்றாம் நூற்றாண்டு

வட மாநிலங்களிலிருந்து திரும்பிய கருப்பினக் குடும்பங்களும், ஆசிய, லத்தீன் அமெரிக்கக் குடியேறிகளும் அட்லாண்டாவின் புறநகர்களை மாற்றினர். நீண்ட காலம் குடியரசுக் கட்சியின் கோட்டைகளாக இருந்த காப், குவினெட் கவுண்டிகள் 2016இல் ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளரை ஆதரித்தன. 2013இல் உச்ச நீதிமன்றத்தின் ஷெல்பி தீர்ப்புக்குப் பின், தேர்தல் விதிகளை மாற்ற வாக்குரிமைச் சட்டத்தின்படி ஜார்ஜியா கூட்டாட்சி அரசின் முன் அனுமதி பெற வேண்டிய நிலை நீங்கியது. வாக்காளர் பட்டியல் நீக்கங்கள் குறித்த சர்ச்சைகளுக்கிடையே நடந்த 2018 ஆளுநர் தேர்தலில், ஜனநாயகக் கட்சியின் ஸ்டேசி ஏப்ரம்ஸ் சுமார் 55,000 வாக்குகளில் குடியரசுக் கட்சியின் பிரையன் கெம்ப்பிடம் தோற்றார். அப்போது தேர்தலை நடத்தும் மாநிலச் செயலராக இருந்தவரும் கெம்ப்தான்.

2020 அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ஜோ பைடன் 11,779 வாக்கு வேறுபாட்டில் மாநிலத்தை வென்றார்; கையால் எண்ணிச் சரிபார்த்தபோதும் முடிவு மாறவில்லை. 2021 ஜனவரி 5 அன்று அமெரிக்கச் செனட் சபையில் மாநிலத்துக்குரிய இரு இடங்களுக்கும் இரண்டாம் சுற்று நடந்தது. ஜனநாயகக் கட்சியின் ஜான் ஆசாஃபும், ஒருகாலத்தில் கிங் போதித்த எபனேசர் தேவாலயத்தின் தலைமைப் போதகர் ரஃபேல் வார்னாக்கும் வென்றனர். வார்னாக் ஜார்ஜியாவின் முதல் கருப்பினச் செனட்டர். கருப்பின வாக்கின் வலுவைக் குறைக்க 1964இல் கொண்டுவரப்பட்ட விதியே, வாக்காளர் திரள் மாறிய பிறகு அவர் வெற்றிக்குப் பாதையானது.

2021 மார்ச்சில் மாநில அரசு புதிய தேர்தல் சட்டம் இயற்றியது. அஞ்சல் வாக்குக்கு அடையாள எண் கட்டாயமாயிற்று. அஞ்சல் வாக்குகளைப் போடும் பெட்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வந்தது. வரிசையில் நிற்போருக்கு உணவும் தண்ணீரும் வழங்கத் தடை விதிக்கப்பட்டது. இரண்டாம் சுற்றுக்கான இடைவெளி ஒன்பது வாரத்திலிருந்து நான்காகக் குறைந்தது. தேர்தலின் நம்பகத்தன்மையைக் காக்கவே இது என்று ஆதரித்தோர் கூறினர். கருப்பின வாக்காளருக்கு இடையூறு என்று எதிர்த்தோர் கூறினர். 2022இல் கெம்ப் ஏப்ரம்ஸை மீண்டும் வென்றார். வார்னாக்கும் இரண்டாம் சுற்றில் வென்றார். 2023 அக்டோபரில், மாநிலத்தின் தொகுதி வரைபடங்கள் கருப்பின வாக்கின் வலுவைக் குறைப்பதாகக் கூட்டாட்சி நீதிபதி தீர்ப்பளித்தார். சட்டமன்றம் புதிய வரைபடங்களை நிறைவேற்றியது. 2024 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் டொனால்ட் டிரம்ப் மாநிலத்தை வென்றார். இரு கட்சிகளும் மாறி மாறி வெல்லக்கூடிய மாநிலமாக ஜார்ஜியா ஆகியிருக்கும் நிலையில், தேர்தல் விதி குறித்த ஒவ்வொரு வழக்கும் நாடு முழுவதும் கவனிக்கப்படுகிறது.