மாத்தளையின் பதிவேடும் திண்டுக்கல்லின் ஒரே நாளும்

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய், வருவதற்கு முன்பே பிடித்துவிடக்கூடிய நோய். எச்.பி.வி. என்னும் வைரஸின் தொற்று புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டுகள் ஆகும். அவ்வளவு அவகாசம் இருந்தும் பெண்கள் இறக்கும்போது, 'விழிப்புணர்வு போதாது' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். இலங்கையின் மாத்தளையையும் தமிழ்நாட்டின் திண்டுக்கல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், குறை வேறிடத்தில் தெரிகிறது.

இலங்கையில் 1996 முதல் சுவநாரி கிளினிக்குகள் நடக்கின்றன. 35 வயதுப் பெண்களுக்கு, கருப்பைக் கழுத்தின் செல்களை எடுத்துப் பார்க்கும் பெப் பரிசோதனை இலவசம். பின்னர் 45 வயதும் சேர்ந்தது. 2030க்குள் 100க்கு 70 பெண்களை 35 வயதுக்குள் ஒரு முறையும், 45க்குள் மறுமுறையும் சோதிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ல்தான் இலக்கு வைத்தது. நாம் முன்னதாகவே அந்தப் பாதையில் இருந்தோம். அதைவிடப் பெரிய பலம், குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேடு. எந்த வீட்டில் எத்தனை வயதில் பெண் இருக்கிறாள் என்பது அந்த மிட்வைஃப் மிஸ்ஸுக்குத் தெரியும்.

ஆனால் இறத்தோட்டைக்கு மேலே, எல்கடுவைப் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் கணக்கு வேறு. கிளினிக் வைப்பது வேலைநாளில். போனால் அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது நாள்கூலி இல்லை. எடுத்த செல்கள் கண்ணாடித் தகட்டில் ஆய்வுகூடத்துக்குப் போகும். முடிவு வர வாரக்கணக்காகும். கோளாறு என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு மறுபடி பஸ் ஏற வேண்டும், இன்னொரு நாள் கூலியை விட வேண்டும். உடம்பில் வலியுமில்லை, உதிரப்போக்குமில்லை. 'எனக்கு ஒன்றுமில்லையே மிஸ்' என்று அவள் சொல்வதை அறியாமை என்று எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை.

திண்டுக்கல்லில் 2000ல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய நல மையமும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் முன்னின்று நடத்தின. 30 முதல் 59 வயது வரையுள்ள கிராமத்துப் பெண்களே பயனாளிகள். பள்ளிக்கூடம் போகாதவர்கள் பலர். பயிற்சி பெற்ற தாதி, வினாகிரியில் உள்ள அதே அமிலத்தைப் பஞ்சில் நனைத்துக் கருப்பைக் கழுத்தில் தடவுவார். ஒரு நிமிடம் பொறுப்பார். கோளாறான இடம் வெள்ளையாகத் தெரியும். தேவைப்பட்டால் அந்த வருகையிலேயே திசு எடுத்து, உறையவைத்து அழிக்கும் சிகிச்சையையும் தாதியே செய்துவிடுவார். அழைக்கப்பட்ட 49,311 பேரில் 31,343 பேர் வந்தார்கள். 2007ல் வெளியான முடிவின்படி, ஒப்பீட்டுக் குழுவைவிட அழைக்கப்பட்டவர்களிடையே நோய் 25 சதவீதமும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன.

இந்த முறையில் குறையும் உண்டு. எல்லாம் பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்தது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் அவ்வளவாகப் பயன்படாது. ஆகவே திண்டுக்கல்லிலிருந்து நாம் எடுக்க வேண்டியது அமிலத்தையல்ல, ஒரே வருகையில் வேலையை முடிக்கும் ஏற்பாட்டை.

இனி மறுபக்கம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையேனும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனை செய்தவர்கள் 9.8 சதவீதமே. இந்தியாவின் 1.9 சதவீதத்துக்கு அது மேல்தான். ஆனால் வழிகாட்டிய ஆய்வு நடந்த மாநிலத்துக்கு இது போதாது. ஆய்வுக் காலத்தில் ஆள் வந்து நேரில் கூப்பிட்டார்கள், மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானோர் வந்தார்கள். கூப்பிட ஆளில்லாத சேவை, வாசலைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறது. மாத்தளையின் பதிவேடு அங்கே வேண்டும்.

இங்கே மாத்தளையில் வேண்டியது என்ன? பெண் தானே மாதிரி எடுத்துக் கொடுக்கும் எச்.பி.வி. சோதனை வெட்கத்தைப் பாதியாகக் குறைக்கும். பரிசோதனை மேசையில் படுக்க வேண்டியதில்லை. இன்னொரு வாய்ப்பும் கண்முன்னே இருக்கிறது. 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்குப் பள்ளியில் எச்.பி.வி. ஊசி போடுகிறார்கள், ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை. அந்தப் பிள்ளைகளின் தாய்மாரில் பலர் 35க்கும் 45க்கும் இடைப்பட்டவர்கள். மகளின் இரண்டாம் ஊசியன்று தாய்க்கும் ஒரு தேதி குறித்துக் கொடுக்கலாம். அந்தத் தேதிக்குத் தோட்ட நிர்வாகம் முழுப்பேர் போட வேண்டும்.