மரத்தின் உயிர் எதில் இருக்கிறது?

2023 டிசம்பர் பெருமழையில் நம் கல்லூரி விடுதி முன் நிற்கும் புளியமரத்தின் பெருங்கிளை ஒன்று முறிந்தது. முறிந்த இடத்தில் பொந்து தெரிந்தது. அன்றிலிருந்து பழைய மாணவர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் இரண்டு கட்சி. "வெட்டிருவோம் அண்ணாச்சி, பிள்ளைகள் தலையில விழுந்தா யார் பதில் சொல்றது?" என்பது ஒன்று. "அதன் நிழல்ல உக்காந்துதான நாம படிச்சோம், இருந்துட்டுப் போகட்டுமே" என்பது மற்றொன்று. மலர்க் குழுவினர் வரலாற்றுக் கட்டுரை ஒன்று கேட்டபோது, இதே வழக்கை மற்ற இடங்களில் எப்படித் தீர்த்தார்கள் என்பதையே எழுதலாம் என்று தோன்றியது.

நான் ராதாபுரத்துக்காரன், பனைகளின் நடுவே வளர்ந்தவன். இடி விழுந்து பனையின் குருத்து கருகிவிட்டால் எங்கள் பக்கம் யாரும் கூட்டம் போட்டுப் பேசுவதில்லை. "குருத்தே போச்சு, இனி என்னல இருக்கு?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். (2021-க்குப் பிறகு பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பது தனி விஷயம்.) பனைக்கு வளரும் இடம் உச்சிக் குருத்து ஒன்றுதான். அது செத்தால், அடி எவ்வளவு உறுதியாக நின்றாலும் மரம் செத்ததுதான். ஆனால் எல்லா மரத்துக்கும் உயிர் ஒரே இடத்தில் இல்லை. வெட்டுவதா வைப்பதா என்று கேட்பதற்கு முன், இந்த மரத்தின் உயிர் எதில் இருக்கிறது என்றுதான் கேட்க வேண்டும்.

அடையாறு ஆலமரத்தை நம்மில் பலர் சென்னைச் சுற்றுலாவில் பார்த்திருப்போம். 1882-இல் பிரம்மஞான சபை அடையாற்றுக்குக் குடிவந்தபோதே அது பெரிய மரம். அதன் வயது சுமார் 450 ஆண்டுகள் என்று சொல்லப்படுகிறது. அன்னி பெசன்ட் அம்மையாரும் ஜே. கிருஷ்ணமூர்த்தியும் அதன் நிழலில் பேசியிருக்கிறார்கள். 1989-இல் அடித்த புயற்காற்றில் அதன் தாய்மரம் சாய்ந்துவிட்டது. அதைக் காப்பாற்றச் செய்த முயற்சி நிலைக்கவில்லை. ஆனால் விழுதுகள் நிலைத்தன. ஒவ்வொரு விழுதும் தானே மண்ணில் வேர் இறக்கித் தனி மரம்போல் ஆகியிருந்ததால், நடுமரம் போன பிறகும் ஆலமரம் நிற்கிறது. 'அடிமரம் போச்சு, எல்லாத்தையும் அப்புறப்படுத்து' என்று அன்று யாராவது முடிவு செய்திருந்தால், உயிருள்ள மரத்தையே வெட்டியிருப்பார்கள்.

கல்கத்தாவுக்கு அருகில் ஹவுராவில் நடந்தது இன்னும் ஒரு படி மேல். அங்குள்ள தாவரவியல் தோட்டம் 1787-இல் தொடங்கப்பட்டது. அதிலுள்ள பெரிய ஆலமரத்தை 1864, 1867 ஆகிய ஆண்டுகளின் புயல்கள் தாக்கின. காயம்பட்ட இடங்களில் பூஞ்சணம் பிடித்தது. 15 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள அடிமரம் உளுத்துப் போயிற்று. 1925-இல் அந்த அடிமரத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள்! நோய் மற்றப் பகுதிக்கும் பரவாதிருக்கத்தான் அந்த வெட்டு. இன்று அந்த மரம் ஆயிரக்கணக்கான விழுதுகளில் நிற்கிறது. சுற்றிப் போட்ட 330 மீட்டர் சாலையையும் தாண்டிப் பரவிவிட்டது. 2020-இல் ஆம்பன் புயல் மறுபடியும் சேதப்படுத்தியும் அது சாகவில்லை. ஆகவே வெட்டுவதும் காப்பதும் எப்போதும் எதிரெதிர்க் கட்சிகள் அல்ல.

"அதெல்லாம் ஆலமரம், நம்மது புளியாச்சே, விழுதா இருக்கு?" என்று கேட்பீர்கள். நியாயம். அதற்கு நம் தாமிரபரணிக் கரையில் உள்ள ஆழ்வார்திருநகரிக்கே போவோம். ஆதிநாதர் கோயிலின் உறங்காப்புளி பொந்துக்காகவே போற்றப்படும் மரம். அந்தப் பொந்தில்தான் நம்மாழ்வார் யோகத்தில் அமர்ந்திருந்தார் என்பது வைணவ மரபு. நாம் குற்றமாகச் சொல்கிற பொந்தை அங்கே கும்பிடுகிறார்கள். பக்தியை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் அதில் ஒரு தாவரவியல் உண்மை இருக்கிறது. புளியின் உயிர் பட்டைக்கு அடியிலுள்ள மெல்லிய அடுக்கிலும், அதை ஒட்டி நீரை மேலே ஏற்றும் வெளிக்கட்டையிலும் இருக்கிறது. நடு வைரம் ஏற்கெனவே செத்த கட்டைதான். தாங்குவதே அதன் வேலை. அது உளுத்தாலும் மரம் தழைக்கும், காய்க்கும்.

ஆனால் உயிரோடு இருப்பது வேறு, உறுதியாக நிற்பது வேறு. பொந்தைச் சுற்றியுள்ள நல்ல கட்டையின் கனம், மரத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருந்தால் பெரும்பாலும் தாங்கும் என்பது மர வல்லுநர்கள் வைத்திருக்கும் ஒரு தோராயக் கணக்கு. முன்பெல்லாம் பொந்தைச் சிமெண்டு போட்டு அடைத்தார்கள். ஈரம் உள்ளே தங்கி உளுப்பு கூடுகிறது என்று அதை இப்போது கைவிட்டுவிட்டார்கள்.

எனவே சங்கக் கூட்டத்தில் கைதூக்கி முடிவெடுப்பதற்கு முன் சில காரியங்கள் ஆக வேண்டும். மரம் தெரிந்த ஒருவரை அழைத்து அடிமரத்தைத் தட்டியும் துளைத்தும் பார்க்கச் சொல்லலாம். வேரடியில் மண் வெடித்திருக்கிறதா, சாய்வு கூடுகிறதா என்று மழைக்கு முன்னும் பின்னும் அளந்து குறிக்கலாம். இதைத் தாவரவியல் மாணவர்களே செய்யலாம். பாரமான கிளைகளைக் கழிக்கலாம். அதுவரை மரத்தடிப் பெஞ்சுகளையும் சைக்கிள் நிறுத்தத்தையும் தள்ளிப் போட்டு, சுற்றிக் கயிறு கட்டிவிட வேண்டும். மரத்தை நகர்த்த முடியாது, பிள்ளைகளை நகர்த்தலாமே!

கூடவே இந்த ஆண்டே அதன் தளிர்க் குச்சியை எடுத்துப் புளிநாற்றில் ஒட்டுக் கட்டிக் கன்றுகள் எடுக்க வேண்டும். ஒட்டுக்கன்று அதே மரம்தான். வேர் விட்டுக்கொடுத்தது, சுற்றுக்கட்டை போதாது என்று சோதனையில் தெரிந்தால், நான் வெட்டு என்ற கட்சியில்தான் கை தூக்குவேன். ஒரு பிள்ளையின் உயிருக்கு ஈடான நிழல் எதுவுமில்லை. தாங்கும் என்று தெரிந்தால், சோம்பலாலும் பயத்தாலும் அதை வெட்ட விடக்கூடாது. சோதனைக்கும் ஒட்டுக்கன்றுகளுக்கும் ஆகும் செலவில் என் பங்கைப் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறேன். மற்ற தோழர்களும் சேர்ந்தால் அடுத்த மழைக்கு முன் வேலையை முடித்துவிடலாம்.